பாரம் கட்டத் தெரிந்த நாம் ஃபிலிமுக்கு ஏன் ஏமாறணும்?



போன மாசம் எங்கள் குழுவின் அரிசி கப்பலேறுவதற்காக மணலி புதுநகர் பக்கம் ஒரு கிடங்குக்குப் போயிருந்தேன். கருப்புக் கவுனியும் மாப்பிள்ளைச் சம்பாவும் ஒரு கிலோ பொட்டலங்களாகப் போட்டு, இருபது இருபதாக அட்டைப்பெட்டியில் அடைத்து, மொத்தம் எட்டு பேலட். ஊரிலேயே நாங்களே அடுக்கி, நாங்களே ஸ்ட்ரெச் ஃபிலிம் சுற்றி லாரியில் ஏற்றி அனுப்பியது. கிடங்கில் கதவைத் திறந்தால் மூன்று பேலட் சாய்ந்து நிற்குது. ஃபிலிம் ஒரு இடத்தில்கூடக் கிழியவில்லை. பெட்டி அடுக்கு மொத்தமும் ஒரே பொதியாகப் பலகையை விட்டு ஒரு முழம் நகர்ந்து, அடிவரிசைப் பெட்டிகள் நசுங்கிக் கிடந்தன. ஒவ்வொரு பேலட்டுக்கும் முப்பது சுற்றுக்குக் குறையாமல் சுற்றியிருந்தோம். பளபளன்னு பார்க்க அழகாத்தான் இருந்தது.

அங்கிருந்த லோடுமேன் ஒருத்தர் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பெரியவரே, பெட்டியோட பெட்டியைக் கட்டிட்டீங்க. பெட்டியைப் பலகையோட யாரு கட்றது?"

வெட்கமாகப் போச்சு. வைக்கோல் போர் போடவும், வண்டியில் கரும்புப் பாரம் ஏற்றிக் கயிறு இழுத்துக் கட்டவும் தெரிந்த ஆளுங்கதான் நாம. பிளாஸ்டிக் சுருள் கைக்கு வந்ததும் அந்த அறிவையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டோம்.

இந்த ஃபிலிம் என்ன வேலை செய்யுது என்று முதலில் புரிஞ்சுக்கணும். சூடு காட்டினால் சுருங்கிப் பிடிப்பது வேறு வகை, அது ஷ்ரிங்க் ஃபிலிம். நாம் சுற்றுவது இழுத்தால் நீண்டு, பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும் வகை. அந்தத் திரும்பும் விசைதான் பெட்டிகளை நெருக்கிப் பிடிக்கிறது. இழுக்காமல் தொளதொளவென்று முப்பது சுற்று சுற்றினால் அது போர்வை, கட்டு இல்லை. முதல் மூன்று நாலு சுற்று பலகையின் மேல்பாதியையும் அடிவரிசைப் பெட்டியையும் சேர்த்துப் பிடிக்கணும். பிறகு ஒவ்வொரு சுற்றும் முந்தின சுற்றின் பாதியை மூடியபடி மேலே ஏறி, உச்சியில் இரண்டு சுற்று போட்டு, அதே மாதிரி இறங்கி வரணும். பெட்டி பலகைக்கு வெளியே ஒரு விரல்கூட நீட்டிக்கொண்டு இருக்கக்கூடாது. நீட்டினால் அந்த மூலையில்தான் ஃபிலிம் கிழியும், பெட்டியும் அங்கேதான் நசுங்கும்.

அடுக்குவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கு. சாக்கு மூட்டையை மாற்றி மாற்றிப் பின்னி அடுக்கினால்தான் நிற்கும். அட்டைப்பெட்டிக்கு அது ஆகாது. அதன் பலம் நாலு மூலையில். மூலைக்கு மேல் மூலை நேராக உட்கார்ந்தால்தான் அது எடை தாங்கும். கடைசி வரிசையை மட்டும் மாற்றி அடுக்கலாம். நாலு விளிம்பிலும் கெட்டி அட்டையில் செய்த மூலைப்பட்டை வைத்துவிட்டால் ஃபிலிமின் வேலையில் பாதி குறைந்துவிடும்.

சாலையில் என்ன விசை வரும் என்று கேட்கலாம். கண்டெய்னரில் சரக்கு ஏற்றுவதற்கென்று ஐ.நா. அமைப்புகள் சேர்ந்து 2014-இல் ஒரு நடைமுறைத் தொகுப்பு வெளியிட்டன. சாலைப் பயணத்தில் சரக்கின் எடையில் 80% அளவு விசை முன்பக்கமும், 50% பக்கவாட்டிலும் பின்பக்கமும் வந்தாலும் தாங்கும்படி கட்டணும் என்பது அதன் கணக்கு. எங்கள் பேலட் ஒன்று 800 கிலோ. பிரேக் அடித்தால் 640 கிலோ தள்ளு, வளைவில் 400 கிலோ தள்ளு. பொன்னேரி நெடுஞ்சாலையில் டிரெய்லர்களுக்கு நடுவே பத்தடிக்கு ஒரு பிரேக் அடித்து வந்தவருக்கு இந்தக் கணக்கு புரியும்.

இப்போ பிளாஸ்டிக் கணக்கைப் பார்ப்போம். அரை மீட்டர் அகலம், 23 மைக்ரான் கனமுள்ள சுருளில் ஒரு மீட்டர் ஏறக்குறைய பத்தரை கிராம். நம்ம பேலட்டின் சுற்றளவு 4.4 மீட்டர். ஒழுங்காகச் சுற்றினால் 15 சுற்றில் முடியும், அதாவது 66 மீட்டர், 700 கிராம். நாங்கள் சுற்றிய முப்பது சுற்றுக்கு 1 கிலோ 400 கிராம். ஃபிலிமை ஒரு மீட்டருக்கு மூன்று மீட்டராக முன்கூட்டியே இழுத்துச் சுற்றும் மெஷின் இருந்தால் அதே பதினைந்து சுற்று கால் கிலோவுக்குள் அடங்கும். தனியொரு குழு மெஷின் வாங்குவது கட்டுப்படியாகாது. பத்துக் குழு ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டால் ஆகும். இதை நம் கூட்டங்களில் பேசவே மாட்டேங்கிறோம்.

"இயற்கை அரிசிக்கு எதுக்குய்யா பிளாஸ்டிக்? வேண்டவே வேண்டாம்" என்று சில நண்பர்கள் சொல்கிறார்கள். அவர்கள் மனசு புரியுது, ஆனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். மூன்று பேலட் அரிசி சாய்ந்து வீணாவதும் ஒரு விரயம்தான். அந்த நெல்லுக்குப் பாய்ச்சின தண்ணியும் குனிந்து களை பறித்த பெண்களின் உழைப்பும் அதில் இருக்கு. அதே சமயம், "அது ஏற்றுமதிக்காரன் பாடு, நமக்கென்ன" என்று சொல்பவர்களோடும் எனக்கு உடன்பாடு கிடையாது.

மணலியைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல முடியாது. அங்கே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை ஓட ஆரம்பித்தது 1969-இல். வடக்கே எண்ணூரில் காமராஜர் துறைமுகம் 2001-இல் வந்தது, அதையடுத்து காட்டுப்பள்ளி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர் கழிமுகம் முழுக்கப் படர்ந்தபோது, மீனவர்கள் வெறுங்கையோடு அதை அள்ளினதை எல்லோரும் பார்த்தோம். நம்ம ஃபிலிம் மணலியில் தயாராவதில்லை. ஆனாலும் அது எத்திலீனிலிருந்து வரும் பாலித்தீன், கச்சா எண்ணெய், எரிவாயு வழிவந்த சொந்தம். பிரித்துப் போட்ட ஃபிலிம் கிடங்குகளின் வேலியிலும் கால்வாய் ஓரத்திலும் சுற்றிக்கிடக்கு. மழை வந்தால் தண்ணி போகும் வழியை அடைப்பது அதுதான். கொசஸ்தலை ஆறு பெருகும்போதெல்லாம் மணலி புதுநகர் மக்கள் வீட்டுக்குள்தான் தண்ணி வருது.

சட்டமும் ஒரு விசித்திரம். 2022 ஜூலை 1 முதல் நாடு முழுக்க இனிப்புப் பெட்டியைச் சுற்றும் ஃபிலிமுக்குத் தடை. பேலட்டைச் சுற்றும் ஃபிலிம் அந்தப் பட்டியலில் இல்லை.

இன்னொன்று, நம்ம ஆட்களுக்கே சொல்லணும். கிடங்கில் கழித்த ஃபிலிம் பழைய சாமான் கடையில் மலிவாகக் கிடைக்குதென்று வாங்கிவந்து வைக்கோல் போரை மூடுவதும், மூடாக்காகப் போடுவதும் வேண்டாம். வெயில் தாங்குவதற்கான சேர்மானம் சாதாரண ஃபிலிமில் கிடையாது. ஒரு கோடை பட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்து மண்ணில் கலந்துவிடும், பிறகு பொறுக்கவும் முடியாது. மூடாக்குக்கு இலைதழை இருக்கும்போது இதெல்லாம் எதுக்கு?

காய்கறி அனுப்புகிறவர்கள் முழு ஃபிலிமே சுற்றக்கூடாது. அறுத்த பிறகும் காய் மூச்சுவிடும், சூடு வெளியேறணும். அதற்கு வலையும், துளையிட்ட ஃபிலிமும் வந்திருக்கு. மஞ்சள், அரிசி போன்ற காய்ந்த சரக்குக்கும் எச்சரிக்கை வேண்டும். ஈரப்பதம் சரியாக இறங்காமல் இறுக்கிச் சுற்றினால் பகல் சூட்டில் எழும்பும் ஆவி, இரவில் உள்ளேயே வியர்த்துப் பூஞ்சாணம் பிடிக்கும்.

மரப் பேலட்டையும் பார்த்து வாங்குங்கள். ஏற்றுமதிப் பலகையில் கோதுமைக் கதிர் முத்திரை இருக்கும். பக்கத்தில் எச்.டி. என்றிருந்தால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிஷம் வைத்தது. எம்.பி. என்றிருந்தால் மெத்தில் புரோமைடு நச்சுவாயு போட்டது. அதன்மேல் அங்கக அரிசியை அடுக்கிவிட்டுச் சான்றிதழைக் காட்டுவதில் என்ன அர்த்தம்? கண்டெய்னருக்கும் மருந்துப்புகை போட வேண்டாம் என்று எழுதியே கொடுத்துவிடுங்கள்.

சென்னைக் கடைகளுக்குப் போகும் சரக்குக்கு இந்தத் தொல்லையே கிடையாது. சணல் சாக்கு, தார்ப்பாய், கயிறு போதும். அதற்கும் நாகரிகம் என்று பேலட்டும் ஃபிலிமும் கேட்கும் கடைக்காரரிடம் நாங்கள் முடியாது என்று சொல்லிவிட்டோம். ஒருத்தர் கோபித்துக்கொண்டு ஆர்டரை நிறுத்தினார், மற்றவர்கள் வாங்குகிறார்கள்.

மணலியில் அந்த மூன்று பேலட்டையும் பிரித்து, நசுங்கினதைக் கழித்து, மறுபடி அடுக்க மாலையாகிவிட்டது. அந்த லோடுமேன்தான் கூட நின்று பதினைந்தே சுற்றில் முடித்துக்கொடுத்தார். அடுத்த லோடு தை அறுவடைக்குப் பிறகு. அதற்குள் மூலைப்பட்டைக்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கிறோம். பக்கத்துக் குழுக்கள் சேர்ந்துகொள்வதானால் சொல்லுங்கள், மொத்தமாக வாங்கலாம்.