பெட்டியில் இருக்கும் எண்



"மனசு வச்சா ஒரே நாள்ல விட்டுடலாம்" என்று புகை பிடிப்பவர்களிடம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். மன உறுதி மட்டும் போதாது என்பது என் கருத்து. நிக்கோட்டினுக்குப் பழகிய உடம்பு, விட்ட முதல் சில நாட்கள் எரிச்சல், தூக்கமின்மை என்று படுத்தி எடுக்கும். பலர் அங்கேதான் மறுபடி பற்ற வைக்கிறார்கள். அந்த நாட்களுக்குத் துணை வேண்டும். துணை கேட்பது கேவலமில்லை.

1800-11-2356. மத்திய அரசின் கட்டணமில்லா எண். பெங்களூரு நிம்ஹான்ஸ் மையம் வழியாகத் தமிழிலும் ஆலோசனை தருகிறார்கள். 2018 முதல் சிகரெட், பீடி உறைகளில் இந்த எண்ணை அச்சிடுகிறார்கள். ஆனால் நம்ம சங்கரன்கோவில் டீக்கடையில் ஒன்று, இரண்டு என்று சில்லறையாக வாங்குகிறவர் கண்ணில் பெட்டியே படாது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நிக்கோட்டின் சூயிங்கம் பற்றி டாக்டரிடமும் கேளுங்கள்.

வீட்டில் உள்ளவர்களுக்கு ஒன்று. விட்டவர் மறுபடி தொட்டுவிட்டால், "எனக்கு அப்பவே தெரியும்" என்று குத்திக்காட்டாதீர்கள். கணக்கு தப்பாகப் போன பிள்ளையிடம் "திரும்பப் போடு" என்றுதானே சொல்வோம்?

எண்ணை வீட்டுக் காலண்டரில் எழுதி வையுங்கள்.