முதலில் தெரிவது சப்பாத்து

எம்மவர்கள் சினிமா பற்றி எழுதும்போது கதையைப் பற்றியே எழுதுகிறார்கள். முடிவு முற்போக்கா பிற்போக்கா, நாயகி கடைசியில் யாரின் காலில் விழுந்தாள் என்று பார்த்துத் தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள். சண்டைப் படமென்றால் அந்த மரியாதைகூடக் கிடையாது. 'மசாலா' என்ற ஒரு சொல்லோடு கணக்கு முடிந்துவிடும். கமெரா யாருடைய கண்ணின் உயரத்தில் வைக்கப்பட்டிருந்தது என்று நாம் கேட்பதேயில்லை.

கேட்டிருக்கவேண்டும். ஒரு சண்டைப் படம் யாரை நாம் அண்ணாந்து பார்க்கவேண்டும், யாருக்குப் பயப்படவேண்டும் என்பதை முதல் சில நிமிடங்களிலேயே முடிவுசெய்துவிடுகிறது. அதற்குப் பிறகு வரும் இரண்டரை மணித்தியாலக் கதை பெரும்பாலும் அந்த முடிவுக்கான விளக்கவுரைதான்.

அகிரா குரோசாவாவின் 'யோஜிம்போ' 1961இல் வெளிவந்தது. ஒளிப்பதிவு கசுவோ மியாகவா. மலைகள் தெரிகின்றன. ஒருவன் எமக்கு முதுகைக் காட்டியபடி சட்டகத்துக்குள் வந்து நிற்கிறான், தலையைச் சொறிகிறான், நடக்கிறான். எழுத்துகள் ஓடி முடியும்வரை பெரும்பாலும் அவனது பிடரியையும் தோளையும்தான் பார்க்கிறோம். தோளை ஒரு குலுக்குக் குலுக்குகிறான், பேன் கடித்தவன் போல. நாற்சந்தி வருகிறது. கீழே கிடந்த தடியொன்றை எடுத்து மேலே எறிகிறான். அது விழுந்து காட்டிய பக்கமாகப் போகிறான். ஒரு வார்த்தை பேசப்படவில்லை. ஆனால் இவனுக்கு வீடில்லை, எசமானில்லை, போகவேண்டிய இடமுமில்லை என்பது எமக்குத் தெரிந்துவிட்டது.

பிறகு ஊர். அகன்ற திரை முழுவதும் வெறும் வீதியும் புழுதியும். கதவுகள் பூட்டிக் கிடக்கின்றன. யன்னல் நீக்கல்களுக்குள்ளால் கண்கள் பார்க்கின்றன. எதிரே ஒரு நாய் வாயில் எதையோ கவ்விக்கொண்டு துள்ளலாக ஓடிவருகிறது. கிட்ட வந்த பிறகுதான் அது ஒரு மனிதக் கை என்று தெரிகிறது. மசாரு சாத்தோவின் இசையோ பகிடி பண்ணுவதுபோல ஒலிக்கிறது. அழுகைச் சத்தம், இரத்தம், பிணக்குவியல் ஒன்றும் காட்டப்படவில்லை. அந்த ஊரில் என்ன நடக்கிறது என்பதை ஒரு நாய் சொல்லிவிட்டுப் போகிறது.

எமது படங்களிலும் முகத்தை ஒளிக்கிறார்கள்தானே என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்வி. முதலில் கால், பிறகு கை, பிறகு முதுகு, கடைசியாக, கைதட்டலுக்கு இடம்விட்டு, முகம். உத்தி ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் திரைக்குள்ளே அவனைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் யார் என்று கவனியுங்கள். குரோசாவாவின் சனம் பயந்துபோய் நீக்கலுக்குள்ளால் பார்க்கிறது. எமது படத்தின் சனம் வீதிக்கு வந்து, கைகூப்பி, மாலையோடு அண்ணாந்து பார்க்கிறது. கமெராவும் அந்தச் சனத்தின் காலடியில் போய்க் குந்திக்கொள்கிறது. மண்டபத்தில் இருக்கும் எமக்கு வேறு கதிரை ஒதுக்கப்படவில்லை.

1992இல் வந்த 'அண்ணாமலை' இதை இன்னும் ஒரு படி கொண்டுபோனது. 'சூப்பர் ஸ்டார்' என்ற பட்டம் எழுத்தெழுத்தாக ஒளிர்ந்து திரையில் வந்தது அந்தப் படத்தில்தான். படத்தில் அவர் பால்காரன். அந்தப் பால்காரன் திரைக்கு வருமுன்னரே நட்சத்திரம் வந்து அமர்ந்துவிட்டது. பிறகு பால்காரனுக்கு அங்கே என்ன வேலை? தமிழில் வேறுவிதமாகச் செய்யவே முடியாது என்றில்லை. முந்திய வருடம் வந்த 'தளபதி' அதே நடிகரின் படம்தான். அது போகிப் பண்டிகை விடியலில், கறுப்பு வெள்ளையில், பெற்ற பிள்ளையைச் சரக்கு ரயிலில் விட்டுவிட்டு நிற்கும் ஒரு சிறுமியோடு தொடங்குகிறது. சந்தோஷ் சிவனின் கமெரா அங்கே யாரையும் கும்பிடவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். செர்ஜியோ லியோனே 'யோஜிம்போ'வைக் கேட்காமலே எடுத்து 1964இல் ஒரு கௌபோய் படமாக்கியவர், வழக்குவரை போனது. அவரே 1968இல் 'வன்ஸ் அப்பொன் எ டைம் இன் த வெஸ்ட்' எடுத்தபோது தொடக்கத்தில் மூன்று துப்பாக்கிக்காரரை ஒரு ரயில் நிலையத்தில் காக்க வைத்தார். ஏறத்தாழப் பத்து நிமிடம். இசை இல்லை. காற்றாடி கிரீச்சிடுகிறது, ஒருவனின் தொப்பியில் தண்ணீர் சொட்டுகிறது, இன்னொருவனின் முகத்தில் ஈ ஊர்கிறது. திரையை நிறைக்கும் அண்மைக் காட்சிகள். இவ்வளவு பெரிதாக ஒரு முகத்தைக் காட்டினால் அவன் நாயகனாகத்தான் இருக்கவேண்டும் என்று பழகிய கண் நினைக்கும். ரயில் வருகிறது, போகிறது. தண்டவாளத்துக்கு மறுபக்கத்தில் ஒருவன் நிற்கிறான். சற்று நேரத்தில் மூவரும் பிணம். அண்மைக் காட்சியை நம்பாதே என்று எமது கண்ணுக்கு அடித்துச் சொன்ன தொடக்கம் அது.

"சனம் கிழமை முழுக்க றெஸ்ரோறண்டில கோப்பை கழுவிப்போட்டு ஞாயிற்றுக்கிழமை ஒரு படம் பாக்க வருது, அதையும் கெடுக்காதையுங்கோ" என்பார்கள். நாமும் கழுவியிருக்கிறோம். வாடகை மண்டபங்களில், தேய்ந்த வீடியோக் கொப்பிகளில், நாமும் விசிலடித்திருக்கிறோம். சந்தோசப்படுவதை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் குரோசாவாவின் அந்த வீதி எமக்குத் தெரிந்த வீதி. ஒழுங்கையில் சப்பாத்துச் சத்தம் கேட்டதும் விளக்கை நூர்த்துவிட்டு, யன்னல் நீக்கலுக்குள்ளால் பார்த்தவர்கள் நாம். எமக்கும் முதலில் தெரிந்தது கால்தான். பிறகு துவக்கு. முகம் தெரிந்ததேயில்லை. எந்தத் தரப்பின் சப்பாத்து என்பது விடிந்த பிறகுதான், யார் வீட்டில் ஆளில்லை என்பதை வைத்துத்தான் தெரிந்தது. அப்படிப் பார்த்த கண்ணைக் கொண்டுவந்து, அதே காலைக் கும்பிடும் இடத்தில் எப்படி இவ்வளவு சுலபமாக உட்கார வைத்தோம்? இதைப் பற்றி எமது விமர்சகர்கள் ஒரு பந்தியாவது எழுதியிருக்கிறார்களா?

அண்மையில் இங்கு வளர்ந்த எம் இளைஞர் ஒருவரின் குறும்படத்தைப் பார்த்தோம். முதல் காட்சியில் கார்க் கதவு திறக்கிறது. ஒரு கறுப்புச் சப்பாத்து மெதுவாக நிலத்தில் படுகிறது. கமெரா தரையோடு தரையாகக் கிடக்கிறது. எங்கிருந்து இதை எடுத்தீர்கள் என்று பிறகு கேட்டோம். "எல்லாரும் இப்பிடித்தானே தொடங்கிறவை" என்றார். அவரது தாயார் எமக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவர். ஊரில் அவர்களது வீடு எமது ஒழுங்கையில்தான். அந்த நாட்களில் முதலில் விளக்கை நூர்ப்பது அவர்தான். சப்பாத்து நிலத்தில் பட்டபோது அவரும் கைதட்டினார்.