குளிர்காலச் சோர்வுக்கு வெளிச்சமும் மருந்துதான்

நவம்பர் முதல் ஞாயிறன்று கனடாவின் ரொறன்ரோவில் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைக்கிறோம். அதன் பிறகு ஸ்காபரோவில் எங்கள் சனத்தில் சிலர் மெல்ல மெல்ல ஒதுங்கத் தொடங்கிவிடுவார்கள். கலியாணவீட்டுக்கு வரமாட்டார்கள், போன் எடுக்கமாட்டார்கள், சனி ஞாயிறு முழுக்கப் படுக்கைதான். சித்திரை வருசத்துக்கு அதே ஆட்கள் பழையபடி கலகலவென்று கோயில் வாசலில் நிற்பார்கள். “குளிருக்குள்ள ஆருக்கு மனம் வரும்?” என்று நாங்களும் விட்டுவிடுகிறோம். விடக்கூடாது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

என் மச்சாள் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை செய்தார். விடிய முன்னமே பஸ் ஏறுவார். வேலைத்தலத்தில் யன்னல் கிடையாது. டிசம்பரில் 4.40 மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். வேலை முடிந்து வெளியே வந்தால் தெருவிளக்குத்தான். வீடோ நிலக்கீழ் அறை. சோறும் பாணும் இனிப்பும் தேடித் தேடிச் சாப்பிட்டார். பத்து மணித்தியாலம் படுத்தாலும் நித்திரை போதவில்லை. பெற்ற பிள்ளைகளோடு கதைக்கவே ஏலாமல் போனது. வீட்டில் ஒருவர் கண்ணூறு என்றார், இன்னொருவர் ஏழரைச் சனி என்றார். சோம்பல் என்று முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு. அந்தச் சொல்தான் அவரை அதிகம் நோகடித்தது. கடைசியில் குடும்ப வைத்தியர் நாலு கேள்வி கேட்டுவிட்டு, வெளிச்ச விளக்கு ஒன்று வாங்கச் சொன்னார்.

பருவகால மனச்சோர்வு என்ற இந்த நோயை முதலில் விவரித்தவரும் வெயில் நாட்டில் இருந்து வந்தவர்தான். தென்னாபிரிக்காவின் ஜொகானஸ்பேர்க்கில் இருந்து அமெரிக்காவுக்குப் போன மனநல வைத்தியர் நோர்மன் ரோசென்தால், குளிர்காலத்தில் தன் உற்சாகமே வடிவதைக் கவனித்தார். 1984இல் அவரும் கூட்டாளிகளும் இதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். அதிலேயே பிரகாசமான வெளிச்சத்தால் தேறியவர்களைப் பற்றியும் எழுதினார்கள்.

ஆண்டிலேயே மிகக் குறுகிய பகல் யாழ்ப்பாணத்தில் 11½ மணித்தியாலம். ரொறன்ரோவில் 9 மணித்தியாலம்கூட இல்லை. எங்கள் கண்ணின் விழித்திரையில், பார்வைக்கென்று இல்லாமல் வெளிச்சத்தின் அளவை மூளைக்குச் சொல்வதற்கென்றே சில கலங்கள் இருக்கின்றன. காலை வெளிச்சம் அவற்றில் பட்டால்தான் உடலின் மணிக்கூடு விடிந்ததென்று அறிகிறது. நித்திரைக்குரிய மெலற்றோனின் சுரப்பும் அடங்குகிறது. வீட்டில் எத்தனை லைட் போட்டாலும் சாதாரணமாக 100 முதல் 300 லக்ஸ் அளவு வெளிச்சம்தான் வரும். வைத்தியர்கள் சொல்லும் விளக்கு 10,000 லக்ஸ். முகில் மூடிய பகலில் வெளியே நின்றால்கூட வீட்டுக்குள் இருப்பதைவிடப் பல மடங்கு வெளிச்சம் கிடைக்கும். ஆகவே, மத்தியானத்தில் வெளியே நடக்க வழியுள்ளவர்கள் முதலில் அதைச் செய்யட்டும்.

கனடாவிலேயே ரேமண்ட் லாம் தலைமையில் நடந்த ஓர் ஆய்வு 2006இல் வெளியானது. குளிர்கால மனச்சோர்வுள்ள 96 பேரில் ஒரு பாதிக்கு இந்த விளக்கு, மறுபாதிக்கு மனச்சோர்வுக்குக் கொடுக்கும் ஃபுளுஒக்செற்றின் மாத்திரை. எட்டுக் கிழமைக்குப் பிறகு இரண்டு பக்கத்திலும் 67 வீதமானோர் தேறியிருந்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும் இதை ஒரு அழகுச் சாமான் போலப் பார்ப்பது நியாயமில்லை.

ஆனால் முறை தெரிந்து பாவிக்க வேண்டும். எழும்பிய கையோடு, காலையில், அரை மணித்தியாலம். விளக்கை முகத்தில் இருந்து ஒரு முழத் தூரத்தில், சற்று மேலே, பக்கவாட்டில் வைத்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கலாம், பேப்பர் வாசிக்கலாம். விளக்கையே உற்றுப் பார்க்கத் தேவையில்லை. அறையின் மற்ற மூலையில் வைத்தால் பிரயோசனம் இல்லை, தூரம் கூடக்கூட வெளிச்சம் வேகமாகக் குறைந்துவிடும். இரவில் போட்டால் நித்திரை கெடும். புறஊதாக் கதிரை வடிகட்டும் விளக்காகப் பார்த்து வாங்குங்கள். அந்தக் கதிர் இல்லாததால் வைட்டமின் டி இதில் கிடைக்காது. அது தனியான விஷயம். இருமுனை மனநோய் உள்ளவர்களுக்கு இது மிதமிஞ்சிய உற்சாகத்தைத் தூண்டிவிடலாம். விழித்திரை நோய் உள்ளவர்களுக்கும் கவனம் தேவை. இவர்கள் வைத்தியரைக் கேட்காமல் தொடவே கூடாது. சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறவர்கள் விளக்கை நம்பி இருக்கவும் கூடாது. கனடாவில் 988 என்ற இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம்.

மச்சாளுக்கு இரண்டாவது கிழமையில் மாற்றம் தெரிந்தது. எல்லாருக்கும் இப்படி ஆகும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் காசு இல்லாததாலோ வெட்கத்தாலோ ஒருவர் இதை முயன்றே பார்க்காமல் இருப்பது கொடுமை. ரொறன்ரோ பொது நூலகம் எங்கள் சனம் நிறைய இருக்கும் மல்வேர்னில், நூலகத்துக்குள்ளேயே இந்த விளக்குகளை வைத்துப் பார்த்தது. ஒரு பொது நூலகத்துக்கு வந்த அந்த யோசனை எங்கள் முதியோர் சங்கங்களுக்கும் கோயில் மண்டபங்களுக்கும் வரவேண்டும். ஒரு பூப்புனித நீராட்டு விழாவின் மண்டப அலங்காரத்துக்குக் கொட்டும் காசில் பல விளக்குகள் வாங்கலாம். காலை ஒன்றுகூடலில் இரண்டு மேசையில் வையுங்கள். உங்கள் வீட்டில் நவம்பர் வந்தால் ஒருவர் பேச்சை நிறுத்திவிடுகிறார் என்றால், அவரை ஒக்டோபரிலேயே வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.