சுங்கமும் கள்ளச் சரக்கும்

2024-ம் வருஷம் ஜூலை மாதத்து வரவு செலவுத் திட்டத்தில், தங்கத்தின் மீதிருந்த இறக்குமதிச் சுங்கத்தை இந்திய சர்க்கார் 15 சதவிகிதத்திலிருந்து 6 சதவிகிதமாகக் குறைத்தார்கள். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயித்துவிட்டுப் பவுன் விலையைப் பார்த்துப் பெருமூச்செறிந்த குடும்பஸ்தர்களுக்கு அது அப்போது ஓர் ஆறுதலாயிற்று. ஆயினும், "கள்ளக் கடத்தற்காரருக்கு அஞ்சி வரியைக் குறைப்பதா? காவலைப் பெருக்குவதன்றோ அரசாங்கத்தின் கடமை?" என்று கேட்போரும் உளர். கேள்வி நியாயமானதே, ஆனால் புதியதன்று.

நமது அனுபவத்தை முதலில் நோக்குவோம். 1963-ல் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 14 காரட்டுக்கு மேற்பட்ட நகை செய்யலாகாது என்றார்கள். பரம்பரையாகத் தொழில் செய்துவந்த பத்தர்கள் பிழைப்பிழந்தார்கள். கடல்வழியே வந்த கள்ளத் தங்கமோ நிற்கவில்லை. 1968-ல் இயற்றிய தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 1990-ல் சர்க்காரே ரத்து செய்தார்கள். பின்னர், 2012-ம் வருஷத் தொடக்கத்தில் 2 சதவிகிதமாயிருந்த சுங்கம் 2013 ஆகஸ்டில் 10 ஆகவும், 2022 ஜூலையில் 15 ஆகவும் ஏறிற்று. வரி ஏற ஏற, மீனம்பாக்கம் விமான நிலையத்தில் பிடிபடும் 'குருவி'களின் கதை பத்திரிகைகளுக்கு அன்றாடச் செய்தியாயிற்று. பிடிபடுபவன் கூலிக்குச் சுமக்கும் ஏழை. ஏழாண்டு வரை சிறைத் தண்டனைக்கு இலக்காகிறவனும் அவனே. முதல் போட்டவன் பெயர் வெளிவருவது அபூர்வம்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்து இதே நோயில் வருந்திற்று. அங்கே தங்கத்தின் ஸ்தானத்தில் இருந்தது தேயிலை. அதைச் சட்டப்படி இறக்குமதி செய்யும் ஏகபோகம் கிழக்கிந்தியக் கம்பெனியாருடையது. அதன்மேல் விதித்த வரிகள் சரக்கின் விலையையே மிஞ்சி, 1784-ல் சராசரி 119 சதவிகிதத்தை எட்டியிருந்தன. விளைவு யாது? டச்சுக்காரரும் டேனிஷ்காரரும் சுவீடன் தேசத்தாரும் சீனத்தில் வாங்கிய தேயிலை, இருட்டில் இங்கிலாந்தின் கரைகளில் இறங்கிற்று. அந்நாட்டார் குடித்த தேயிலையில் பாதிக்கு மேல் கள்ளச் சரக்கென்று அக்காலத்தவரே மதித்தார்கள்.

காவலில் குறையிருந்ததா? இல்லை. 1736-ல் ஆயுதபாணிகளான கடத்தற்காரருக்கு மரணதண்டனை வரை விதிக்கும் கடுஞ்சட்டம் இயற்றினார்கள். அப்படியிருந்தும் 1747-ல் ஹாக்ஹர்ஸ்ட் கூட்டத்தார் பூல் துறைமுகத்துச் சுங்கச் சாவடியை உடைத்து, பறிமுதலான தங்கள் தேயிலையை வாரிச் சென்றார்கள். மறு வருஷம் அவ்வழக்கில் சாட்சி சொல்லப் புறப்பட்டவனையும், அவனுடன் சென்ற சுங்கச் சேவகனையும் கொன்றார்கள். 1749-ல் பலர் தூக்கிலேறினர். தூக்குமரம் ஓங்கிற்று, கடத்தல் ஒழியவில்லை.

1784-ல் பிரதம மந்திரி இளைய பிட் அவ்வரியை ஒரேயடியாக 12½ சதவிகிதமாகக் குறைத்தார். இரண்டு வருஷத்துக்குள் வரி செலுத்தி விற்பனையான தேயிலை இரட்டிப்புக்கு மேல் பெருகிற்று. துப்பாக்கி சாதிக்காததை ஒரு சட்டம் சாதித்தது. ஆனால் பிட் ஒன்றை மறைக்கவில்லை. பொக்கிஷத்தில் விழும் பள்ளத்தை நிரப்ப வீட்டுச் சாளரங்களின் மீதுள்ள வரியை அதே சட்டத்தில் உயர்த்தினார். தேநீர் அருந்தாதவனும் அதைக் கட்ட நேர்ந்தது உண்மை. எனினும் பாரம் எவர் தோளில் ஏறுகிறதென்பது ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது.

இந்தக் கம்பெனியாரே நமது நாட்டில் நடந்துகொண்ட விதமென்ன? 1717-ல் மொகலாயச் சக்கரவர்த்தி அளித்த சலுகையைக் காட்டி, வங்காளத்தில் கம்பெனி உத்தியோகஸ்தர்கள் தங்கள் சொந்தச் சரக்கையும் சுங்கமின்றிக் கொண்டுசென்றார்கள். நவாப் மீர்காசிம், சுதேச வர்த்தகர் மட்டும் வரி கட்டி அழிவதைப் பொறாமல், 1763-ல் உள்நாட்டுச் சுங்கத்தை எல்லோர்க்கும் நீக்கினார். சமநீதியைச் சகியாத கம்பெனியார் யுத்தம் தொடுத்தார்கள். அதே 1763-ல்தான் செங்கற்பட்டு ஜாகீர் ஆற்காட்டு நவாபிடமிருந்து அவர்கள் கைக்கு வந்தது. சென்னை ராஜதானியில் உள்நாட்டுச் சுங்கம் 1844 வரை நீடித்தது.

இப்போது பூந்தமல்லி நெடுஞ்சாலையில் செல்லும் லாரிகள் அத்தகைய உள்நாட்டுச் சுங்கம் செலுத்துவதில்லை. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபின் மாநில எல்லைகளில் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் எடுபட்டன. நல்லதே. ஆனால் எல்லாச் சுங்கமும் தீதென்று நாம் சொல்ல வரவில்லை. உல்கு பொருளை அரசனுக்குரிய செல்வங்களுள் ஒன்றாக வள்ளுவரும் வைத்தார். அம்பத்தூர்த் தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகளை, விலையைக் குறைத்தெழுதி உள்ளே வரும் அந்நியச் சரக்கினின்றும் காப்பதற்குச் சுங்கம் வேண்டும். தொழிலைக் காக்கும் வரி வேறு. கள்ளனுக்கு லாபம் தேடித்தரும் வரி வேறு. கடத்தலின் அபாயத்தைவிட அதன் லாபம் பெரிதாகும்படி ஏறிய வரி, பொக்கிஷத்துக்கும் உதவாது. யோக்கியமாகப் பில் போட்டு விற்கும் சிறு நகைக்கடைக்காரனையும் கெடுக்கும்.

ஆகவே 2024-ம் வருஷத்துக் குறைப்பை நாம் ஆதரிக்கிறோம். ஆனால் அத்துடன் அமையாது. வரியைக் குறைத்தால், ஈடு செய்வது யார் என்பதைச் சர்க்கார் பிட்டைப்போல் பகிரங்கமாகச் சொல்ல வேண்டும். குருவியைப் பிடிக்கும் கை, குருவியைப் பறக்கவிட்டவனையும் பிடிக்க வேண்டும். முதலாம் குலோத்துங்கனைச் 'சுங்கந்தவிர்த்த சோழன்' என்று தமிழர் இன்றும் போற்றுகிறார்கள். இக்காலத்து அரசு சுங்கத்தை முற்றும் தவிர்க்க இயலாது. அநியாயத்தைத் தவிர்க்க இயலும். அதையே நாம் கேட்கிறோம்.