முன்பணம் கொடுத்தவன் பிடிபட்டானா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

செம்மரம் வெட்டப் போனவர்கள் ஆந்திராவில் பிடிபட்டார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பேச்சுதான்: "திருடப் போனா சும்மா விடுவாங்களா?" அதற்குத்தான் இந்தப் பதில்.

திருட்டு திருட்டுதான். அதில் மாற்றுக் கருத்து இல்லை. செம்மரம் இயற்கையாக வளர்வது கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டும்தான். அதிலும் பெரும்பகுதி கடப்பா, சித்தூர்ப் பக்கத்துக் காடுகள். வைரம் பாயவே பல பத்தாண்டுகள் ஆகும். கடத்துகிறவனுக்கு வைரம் பாய்ந்த மரம்தான் வேண்டும். விதை கொடுத்துக் காட்டை வளர்க்கும் முதிர்ந்த மரமும் அதுதான். அதை வெட்டினால் அடுத்த தலைமுறைக் கன்றும் போய்விடும். அதனால்தான் 1995 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் செம்மரம் இருக்கிறது. காட்டைக் காப்பவர்களும் உயிரைக் கொடுக்கிறார்கள். 2013 டிசம்பரில் சேஷாசலம் காட்டில் வனத்துறையினர் இருவர் அடித்துக் கொல்லப்பட்டார்கள்.

இனி மறுபக்கம். 2015 ஏப்ரல் 7 அன்று அதே சேஷாசலத்தில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அத்தனை பேரும் தமிழ்நாட்டுக்காரர்கள். அவர்களில் சிலரை முதல் நாளே பேருந்திலிருந்து இறக்கிப் பிடித்துப் போனார்கள் என்று, தப்பி வந்தவர்கள் தேசிய மனித உரிமை ஆணையத்தில் சாட்சி சொன்னார்கள். 2018 பிப்ரவரியில் கடப்பா மாவட்டம் ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து உடல்கள் மிதந்தன. ஐவரும் நம் சேலம் மாவட்டத்துக் கருமந்துறைப் பக்கத்தவர்கள். மரம் வெட்டுவதற்குச் சட்டம் சொல்லும் தண்டனை சிறை. உயிரை எடுக்கச் சொல்லவில்லை.

இத்தனைக்கும் பிறகு கடத்தல் நின்றதா? இல்லை. கைதுச் செய்திகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. காரணம் எளிது. கோடாரி பிடிப்பவன் ஒருவன் போனால் புரோக்கருக்கு இன்னொருவன் கிடைப்பான். மரம் போய்ச் சேருவது சீனத்து மரச்சாமான் கடைக்கும், ஜப்பானில் ஷாமிசென் என்ற இசைக்கருவி செய்யும் இடத்துக்கும். நடுவில் வண்டி, கிடங்கு, துறைமுகம், போலிப் பத்திரம் என்று எத்தனையோ கைகள். மலைக்காரருக்குத் தெரிந்தது முன்பணம் கொடுத்த ஒரே ஒரு முகம்தான்.

அந்தப் பணத்தை அவர் ஏன் வாங்குகிறார்? கல்வராயன் மலையில் 1976 வரை ஜாகிர்தார்கள் ஆட்சி. அங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களுக்குச் சாலையும் பள்ளியும் மருத்துவமும் நம்மைவிட ஒரு தலைமுறை பிந்தித்தான் போயின. மானாவாரியில் சாமையும் மரவள்ளியும். அறுவடை முடிந்தால் கேரளத்துக்கும் குடகுக்கும் தோட்ட வேலைக்குப் போக வேண்டும். கையில் காசில்லாத அந்த மாதங்களில்தான் புரோக்கர் மலையேறுகிறார்.

எளியவர்மேல் மட்டும் அடி விழுவது செம்மரத்தோடு நிற்கவில்லை. சந்தனக் கடத்தலைத் தடுக்கப் போகிறோம் என்று 1992 ஜூன் 20 அன்று அரூர் பக்கத்து வாச்சாத்திக்குள் அதிகாரிகள் நுழைந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. 2011இல் வனம், காவல், வருவாய் ஆகிய மூன்று துறைகளையும் சேர்ந்த 215 பேர் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது 2023 செப்டம்பரில். முப்பத்தொரு வருடம்! காட்டைக் காக்கும் வழி இதுவல்ல.

அப்படியானால் என்னதான் வழி? எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்.

1. விசாரணை முன்பணத்திலிருந்து தொடங்க வேண்டும். அந்தப் பணம் கைமாறுவது தமிழ்நாட்டில்தான். ஆந்திரக் காட்டில் ஆளைப் பிடிப்பதோடு வழக்கு முடியக் கூடாது. என்னிடம் படித்த பிள்ளைகளில் காவல் துறையிலும் நீதிமன்றத்திலும் இருப்பவர்கள் இதை மனதில் வையுங்கள்.

2. நாமக்கல், சங்ககிரி லாரித் தொழிலில் இருக்கும் பிள்ளைகளே, உரிய பில் இல்லாத சரக்கு எவ்வளவு வாடகை வந்தாலும் வேண்டாம். மாட்டிக்கொள்வது ஓட்டுநர்தான்.

3. மலையில் அறுவடை முடிந்த மாதங்களில் அரசு வேலை கிடைக்க வேண்டும். கடுக்காய்க்கும் புளிக்கும் கூட்டுறவுச் சங்கம் நியாய விலை தர வேண்டும். 2006 வன உரிமைச் சட்டப்படி சேர வேண்டிய பட்டா தாமதமில்லாமல் கைக்கு வர வேண்டும்.

4. பழங்குடியினர் யார் கைதானாலும், வருமானம் பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும் என்பது 1987ஆம் வருடச் சட்டம். சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் எண் 15100. மலைக்கிராமத்தில் வேலை பார்க்கும் ஆசிரியர்களே, செவிலியர்களே, இந்த எண்ணைப் பள்ளிச் சுவரிலும் ஆஸ்பத்திரிச் சுவரிலும் எழுதி வையுங்கள்.

பெத்தநாயக்கன்பாளையத்திலும் ஆத்தூரிலும் நம்மோடு சந்தைக்கு வந்து போகிற மக்கள் அவர்கள். அடுத்த முறை இப்படிச் செய்தி வந்தால், சிரிப்பு பொம்மை போட்டுப் பகிர்வதற்கு முன் ஒன்று கேளுங்கள்: முன்பணம் கொடுத்தவன் பிடிபட்டானா? பலர் சேர்ந்து கேட்டால் ஒரு நாள் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.

மாற்றுக் கருத்து இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். வகுப்பில் கேட்ட மாதிரியே கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்