நாள் குறித்தால் நோய் நீங்குமா?

கொள்ளைநோய் ஒன்று நாட்டிற் புகுந்ததும் மக்கள் கேட்கும் முதற் கேள்வி, "இஃது எப்போது தீரும்?" என்பதேயாகும். கேட்பது நியாயமே. கூலியாளின் அடுப்பும், கமக்காரனின் விளைச்சலும், மாணவனின் பரீட்சையும் அதன் விடையிலேயே தங்கியிருக்கின்றன. ஆனால், ஆட்சியாளர் அக்கேள்விக்கு நாட்குறித்து விடை பகரும்போது நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும்.

2020ஆம் ஆண்டை மறந்துவிட வேண்டாம். அவ்வாண்டு மார்ச் மாதத்தில், 12 வாரங்களில் நிலைமையைத் திருப்பிவிடலாம் என்றார் பிரித்தானியப் பிரதமர் பொறிஸ் ஜோன்சன். உயிர்த்த ஞாயிறுக்குள் நாட்டைத் திறந்துவிட விரும்பினார் அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப். பாரதப் போர் 18 நாளில் முடிந்தது, கொரோனாப் போருக்கு 21 நாள் என்றார் இந்தியப் பிரதமர் மோடி. ஏப்பிரலில் டில்லி அதிகாரிகள் காட்டிய வரைபடமொன்றில், மே 16ஆந் திகதியுடன் புதிய நோயாளர் தொகை பூச்சியமாகியிருந்தது. 2021 மார்ச்சில், நோயின் இறுதிக் கட்டத்தை எட்டிவிட்டோம் என்றார் அந்நாட்டுச் சுகாதார அமைச்சர். இரண்டு மாதம் கழியுமுன்னரே, ஒரே நாளில் 4 இலட்சம் பேருக்கு மேல் நோய் கண்டது அங்கு.

நம் தீவின் கதை வேறா? 2020 ஒக்டோபர் தொடங்கியபோது இங்கு நிகழ்ந்திருந்த மரணங்கள் 13 மட்டுமே. நோயை வென்றுவிட்டதாகப் பெருமை பேசப்பட்டது. அப்பெருமையோடு தேர்தலும் நடந்து முடிந்திருந்தது. அதன்பின் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும் பேலியகொடை மீன் சந்தையிலும் நோய் வெடித்தது. 2021 ஓகஸ்டில் டெல்டா வகைக் கிருமியின் கொடுமையால் நாடு மீண்டும் மூடப்பட்டது. ஈற்றில் அரசாங்கக் கணக்கின்படியே 16,000 பேருக்கு மேல் மாண்டனர். உலக சுகாதார நிறுவனம் அவசரநிலையை நீக்கியது 2023 மே 5ஆந் திகதியன்று. கிருமியோ இன்னும் உலகை விட்டு அகலவில்லை.

கணிப்புகள் ஏன் பொய்த்தன? கணக்கு மிக எளிது. நோயாளர் 100 பேர், நோயைச் சராசரியாகத் தலைக்கு 0.9 பேருக்குக் கொடுத்தால், பத்தாவது சுற்றில் நோயுறுவோர் 35 பேர். 1.1 பேருக்குக் கொடுத்தால் 259 பேர்! இத்துணைச் சிறு வேறுபாடு நோயை அடக்கவும் வல்லது, பெருக்கவும் வல்லது. அவ்வேறுபாட்டை உண்டாக்குவன மக்களின் நடமாட்டமும், தடுப்பூசியும், கிருமியின் உருமாற்றமுமேயாம். இவற்றுள் எதுவும் நாட்காட்டிக்குக் கட்டுப்பட்டதன்று.

ஆகவே, நேர்மையான கணிப்பு "ஆனால்" என்ற நிபந்தனையுடனேயே வரும். ஒன்றுமே செய்யாதுவிட்டால் பிரித்தானியாவில் 5,10,000 பேர் மடியலாம் என இலண்டன் இம்பீரியல் கல்லூரியினர் 2020 மார்ச்சிற் கூறினர். தடுப்பு நடவடிக்கை எடுக்கப்பட்டது. அத்தனை பேர் மடியவில்லை. இதைக் காட்டி, கணித்தவர்கள் பொய்யர் எனச் சிலர் நகைத்தனர். "மழை பொய்த்தால் பயிர் கருகும்" என்ற கமக்காரன் மழை பெய்தபின் பொய்யனாகிவிடுவானா?

எந்நிலையில் எந்தக் கட்டுப்பாடு நீங்கும் என்று முன்கூட்டியே சொல்லாத ஆட்சிக்கு அதிகாரம் எல்லையற்றதாகிறது. இதையே நாம் அஞ்சுகின்றோம். 2020 மார்ச் 2ஆந் திகதி பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. புதிய பாராளுமன்றம் கூடியது ஓகஸ்ட் 20ஆந் திகதியன்று. இடைப்பட்ட ஐந்து மாதங்களுக்கு மேலாக, ஆட்சியாளரைக் கேள்வி கேட்க மக்கள் சபை இருக்கவில்லை. ஊரடங்கு எந்தச் சட்டத்தின்கீழ் பிறந்தது என்று சட்டத்தரணிகள் வினவினர். கையிலிருந்த தொற்றுநோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டமோ 1897ஆம் ஆண்டில் பிறந்தது. யாழ்ப்பாணம் அபாய வலயமெனப்பட்டது. மரக்கறி தோட்டத்திலேயே கிடந்தது. எத்தனை நாளைக்கென்று கமக்காரனுக்குச் சொல்வாரில்லை.

இறந்தோரை அடக்கஞ் செய்யலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும், 2020 ஏப்பிரலில் எரித்தல் கட்டாயமாக்கப்பட்டது. முஸ்லிம் சகோதரரின் நெஞ்சு வெந்தது. 2021 பெப்ரவரியில் அக்கட்டளை நீக்கப்பட்டது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. காரணம் காட்டாது பிறக்கும் கட்டளை, காரணம் தோற்ற பின்னும் உயிர்வாழும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

அடுத்த கொள்ளைநோய் வருமுன் நாம் கேட்பன இவை. நோயாளர், மரணம் ஆகியவற்றின் கணக்கு மாவட்டவாரியாக அன்றன்றே தமிழிலும் வெளிவரல் வேண்டும். எந்த அளவுக்கு நோய் குறைந்தால் எக்கட்டுப்பாடு நீங்கும் என்பது முதல் நாளிலேயே எழுத்தில் அறிவிக்கப்படல் வேண்டும். குறித்த காலத்துக்கு மேல் எந்த அவசர விதியும் பாராளுமன்றத்தின் சம்மதமின்றி நீடிக்கலாகாது. சந்தையை மூடும் அரசாங்கம், விளைபொருளைக் கொள்வனவு செய்யும் பொறுப்பையும் ஏற்றல் வேண்டும்.

நாள் குறிப்பது சோதிடன் தொழில். நாட்டை ஆள்வோர் நிபந்தனையைச் சொல்லி, அதற்குப் பொறுப்பேற்கட்டும். அங்ஙனம் சொல்லும் அரசாங்கத்துக்கு மக்கள் ஒத்துழைப்பர், பொறுத்திருக்கவும் செய்வர்.