புது டிசைன் வந்துடுச்சு... கையில் இருக்கும் லக்ஸுரி வாட்ச்சை மாத்தணுமா?

போன் என்றால் பதில் சுலபம். நாலைந்து வருஷத்தில் பேட்டரி படுத்துவிடும், அப்டேட் நின்றுவிடும், ஒருநாள் பேங்க் ஆப் திறக்க மாட்டேன் என்று அடம்பிடிக்கும். மாற்றித்தான் ஆகவேண்டும். இதே கண்ணோடு பல லட்சம் கொடுத்து வாங்கிய வாட்ச்சையும் பார்க்க ஆரம்பித்துவிட்டோம். புது மாடல் படம் இன்ஸ்டாவில் வந்ததும், நேற்று வரை அழகாக இருந்த பழசு திடீரென்று 'அவுட்டேட்டட்' ஆகிவிடுகிறது.

உண்மையில் என்னதான் மாறுகிறது? ஒரே ஒரு வாட்ச்சை எடுத்துப் பார்ப்போம்: ரோலெக்ஸ் சப்மரைனர். 1950-களில் இருந்து வரும் டைவிங் வாட்ச். 2020 செப்டம்பர் 1 அன்று இதன் புது வடிவம் வந்தது.

கேஸ் 40 மில்லிமீட்டரில் இருந்து 41 ஆனது. ஆமாம், ஒரே ஒரு மில்லிமீட்டர். அதிலும் ஸ்ட்ராப் மாட்டும் 'காது' பகுதியை ஒல்லியாக்கிவிட்டதால், கையில் கட்டினால் பெரிதாகவே தெரியாது. டயலின் அடியில் 'ஸ்விஸ் மேட்' என்ற இரண்டு வார்த்தைகளுக்கு நடுவே குட்டியாக ஒரு கிரீடம் முளைத்தது. எதிரில் இருப்பவர் அதைப் பார்க்க வேண்டுமென்றால், உங்கள் கையைப் பிடித்து மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டும். தண்ணீரில் தாங்கும் ஆழம் அன்றும் 300 மீட்டர், இன்றும் 300 மீட்டர்.

சரி, உள்ளே?

இங்கேதான் உண்மையான மாற்றம் இருக்கிறது. 1988-ல் அறிமுகமான 3135 என்ற மூவ்மென்ட் போய், 3235 வந்தது. பழசைக் கழற்றி வைத்தால் சுமார் 48 மணி நேரம் ஓடும். புதுசு சுமார் 70 மணி நேரம் ஓடும்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. கணக்குப் போட்டுப் பார்ப்போம். வெள்ளிக்கிழமை இரவு 8 மணிக்குக் கழற்றி வைத்துவிட்டு, திங்கள் காலை 8 மணிக்குக் கட்டுகிறீர்கள். மொத்தம் 60 மணி நேரம். புதுசு ஓடிக்கொண்டிருக்கும், பழசு ஞாயிறு இரவே நின்றிருக்கும். சாவி கொடுத்து, தேதி, நேரம் சரிசெய்ய ஒரு நிமிஷம். தினமும் கட்டுபவர்களுக்கு அந்த ஒரு நிமிஷமும் கிடையாது. கை அசைவிலேயே சாவி ஏறிக்கொண்டிருக்கும். இரண்டு, மூன்று வாட்ச் வைத்து மாற்றி மாற்றிக் கட்டுபவர்களுக்கு மட்டும் இது நிஜமான வசதி.

ஆக, என் பதில்: மாற்ற வேண்டாம்.

காரணம் வாட்ச்சில் இல்லை, மாற்றும் வழியில் இருக்கிறது. பழசை விற்கும்போது செகண்ட் ஹேண்ட் வியாபாரி தன் லாபத்தைக் கழித்துக்கொண்டுதான் விலை சொல்வார். புதுசோ, அங்கீகாரம் பெற்ற ஷோரூமில் போனவுடன் கிடைக்கும் பொருள் இல்லை. பெயர் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். பொறுமை இல்லாவிட்டால் வெளிச்சந்தையில் கூடுதல் விலை. 10 லட்சம் ரூபாயைத் தாண்டிய கைக்கடிகாரம் என்றால், 2025 ஏப்ரல் 22 முதல் 1% டி.சி.எஸ். வேறு பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதைச் சரிசெய்துகொள்ளலாம், ஆனால் வாங்கும் நாளில் பணம் உங்கள் கையை விட்டுத்தான் போகிறது.

காத்திருப்பதில் நஷ்டமும் பெரிதாக இல்லை. சுவிட்சர்லாந்து உள்ளிட்ட நான்கு நாடுகளோடு இந்தியா போட்ட வர்த்தக ஒப்பந்தம் 2025 அக்டோபர் 1-ல் அமலுக்கு வந்திருக்கிறது. சுவிஸ் வாட்ச்சுக்கான இறக்குமதி வரி படிப்படியாகத்தான் குறையும். (அந்தக் குறைப்பை கம்பெனிகளின் விலையேற்றம் விழுங்கிவிடாது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன்.)

இன்னொன்று. சப்மரைனரிலேயே டயல், வளையம் இரண்டும் பச்சையாக ஒரு மாடல் இருந்தது. ரசிகர்கள் வைத்த செல்லப்பெயர் 'ஹல்க்'. 2020-ல் அதை நிறுத்திவிட்டு, பச்சை வளையம் – கறுப்பு டயல் என்று கொண்டுவந்தார்கள். நிறுத்திய பிறகு ஹல்க்கின் மறுவிற்பனை விலை எகிறியது. புதுசுக்காக அவசரப்பட்டு அதைத் தள்ளிவிட்டவர்களை நினைத்துப் பாருங்கள். அதற்காக 'பழசு எப்பவும் ஏறும்' என்றும் நம்பிவிடக் கூடாது. 2022 தொடக்கத்தில் உச்சிக்குப் போன செகண்ட் ஹேண்ட் சந்தை, அதன் பிறகு நன்றாகவே இறங்கியது. வாட்ச்சை மியூச்சுவல் ஃபண்ட் மாதிரி பேசுபவர்கள் இந்தப் பகுதியை மட்டும் ஸ்கிப் செய்துவிடுவார்கள்.

மாற்றலாம் என்று சொல்லக்கூடிய ஆளும் உண்டு. பழசு கையில் சரியாக உட்காராமல், வாங்கியதில் இருந்தே லாக்கரில் தூங்குகிறது என்றால், அது புது மாடலுக்காக மாற்றுவது ஆகாது. தப்பான வாங்கலைத் திருத்துவது. தாராளமாக விற்கலாம். பெட்டி, வாரன்ட்டி கார்டு, சர்வீஸ் பில் மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் விலை கூடும்.

மற்றவர்கள் முதலில் பழசை ஒரு முழு சர்வீஸுக்குக் கொடுத்துப் பாருங்கள். ஆயில் மாற்றி, பாலிஷ் வேண்டாம் என்று சொல்லி வாங்குங்கள். தேய்த்துத் தேய்த்து விளிம்பு மழுங்கிய வாட்ச்சுக்கு மறுவிற்பனையில் மதிப்பு குறைவு. 3135 முப்பது வருஷத்துக்கும் மேல் ஓடிய மூவ்மென்ட். அதைப் பிரித்துச் சேர்க்கத் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை.